நிழலுக்கு ஒரு பசும்போர்வை: பாக்கிசாண்ட்ரா

வெயிலில் நடப்பவனுக்கு மரநிழல் இன்பம். புல்வெளி வளர்ப்பவனுக்கு அதே நிழல் பெருந்தொல்லை. கிளை பரப்பி நிற்கும் மரத்தின் அடியில் ஆண்டுதோறும் புல் விதைத்து, ஆண்டுதோறும் அது வெளிறி மடிவதைக் காணும் தோட்டக்காரர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். அவர்களுள் சிலர் குற்றத்தை மண்மேல் சுமத்துவர். சிலர் விதைமேல் சுமத்துவர். உரம் இடுவர், மேலும் மேலும் நீர் பாய்ச்சுவர், இறுதியில் மரத்தின் கிளைகளையே வெட்டத் தலைப்படுவர். இடத்தின் இயல்பை மாற்ற இவ்வளவு பாடுபடுவதைவிட, அவ்வியல்புக்கு ஏற்ற செடியைத் தேர்ந்து நடுவது எளிதன்றோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் மிகவும் பெயர் பெற்றது பாக்கிசாண்ட்ரா என்னும் சிறு செடி. மேப்பிள், ஓக் முதலிய மரங்களின் அடியிலும், வீட்டுச் சுவர்களின் வட புறத்திலும் இதைப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் அங்கே நட்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சமவெளியில் வளராத ஒரு செடியைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு செடி ஓரிடத்துக்கு ஏன் பொருந்துகிறது, அப்படிப் பொருந்திய செடியும் எதனால் கேடுறுகிறது என்னும் இரண்டையும் ஒருங்கே காட்டும் நல்ல பாடம் இது. ஆதலால் இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

நிழல் என்பது யாது?

நிழல் என்றால் வெளிச்சக் குறைவு என்று மட்டுமே பொதுவாக எண்ணுகிறோம். செடியின் நோக்கில் அதில் மூன்று குறைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, ஒளியின் அளவு. கோடையில் இலை அடர்ந்த மரத்தின் கீழ், திறந்தவெளி ஒளியில் 100-க்கு 5 பங்கு கூட வந்து சேர்வதில்லை. செடி ஒளியைக் கொண்டு உணவைச் சமைக்கிறது. மூச்சு விடுவதில் அவ்வுணவைச் செலவு செய்கிறது. வரவும் செலவும் சரியாக நிற்கும் ஒளியளவுக்குச் சமன்புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே போனால் செடி சேமித்ததைத் தின்று தேய்ந்து மடியும். வீட்டிலிருந்து வரும் பணம் குறைந்த மாதத்தில் விடுதி மாணவர் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அந்த மாதத்தில் தப்பிப் பிழைப்பவர் வரவை உயர்த்துபவர் அல்லர், செலவைக் குறைத்துக்கொள்பவரே. நிழற்செடிகளும் அவ்வாறே. அவற்றின் மூச்சுச் செலவு மிகக் குறைவு. இலைகள் நீண்ட நாள் உழைப்பவை. வெயிலில் வளரும் புல்லோ தாராளச் செலவாளி. நாள்தோறும் நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் இல்லாவிட்டால் பெரும்பாலான புல் வகைகளுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது, ஒளியின் நிறம். மரத்தின் இலை சூரிய ஒளியிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாத தொலைச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடுகிறது. ஆகவே மரநிழலில் கிடைப்பது மேலேயுள்ளவர் உண்டபின் எஞ்சிய ஒளி. இவ்வேறுபாட்டைச் செடிகள் உணர்கின்றன என்பதற்கான அடிப்படை ஆராய்ச்சி, பாக்கிசாண்ட்ரா மிகுதியாக நடப்படும் அதே கிழக்கு அமெரிக்காவில், மேரிலாண்டு மாநிலத்துப் பெல்ட்ஸ்வில் என்னும் ஊரிலுள்ள அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெற்றது. லெட்டூஸ் கீரையின் விதைகள் சிவப்பு ஒளி பட்டால் முளைக்கின்றன, தொடர்ந்து தொலைச்சிவப்பு ஒளி பட்டால் உறங்கிவிடுகின்றன என்று 1952-இல் அங்கே காட்டினர். இவ்வேலையைச் செய்யும் நிறப்பொருளை 1959-இல் அங்கேயே கண்டறிந்தனர். பைட்டோகுரோம் என்பது அதன் பெயர்.

மூன்றாவது, நீர். மரத்தின் இலைக்கூரை சிறு மழையைத் தானே தாங்கிக்கொள்கிறது. மண்ணில் இறங்கிய நீரை மரத்தின் உறிஞ்சு வேர்கள் முந்திக்கொள்கின்றன. அவ்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருக்கின்றன. ஆகையால் மரத்தடிச் செடி வெளிச்சத்துக்கு மட்டுமன்றித் தண்ணீருக்கும் மரத்தோடு போட்டியிட வேண்டியுள்ளது. நிழலில் செடி வாடியதும் வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. மண்ணைத் தோண்டி விரலால் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

பெயரும் பிறப்பும்

பாக்கிசாண்ட்ரா என்பது பேரினத்தின் பெயர். கிரேக்க மொழியில் தடித்தது என்றும் ஆண் என்றும் பொருள்படும் இரு சொற்களால் ஆயது. இதன் ஆண் பூவிலுள்ள மகரந்தக் கேசரங்களின் காம்புகள் தடித்து வெண்ணிறமாய் நிற்பதால் இப்பெயர் பெற்றது. பிரெஞ்சுத் தாவர நூலார் ஆந்திரே மிஷோ வட அமெரிக்கத் தாவரங்களைப் பற்றி எழுதி, 1803-இல் வெளிவந்த நூலில் இப்பேரினம் நிறுவப்பட்டது. வேலியாக வெட்டி வளர்க்கும் பாக்ஸ் செடியின் குடும்பமே இதன் குடும்பம். இந்த உறவைப் பின்னர் வேறோர் இடத்தில் நினைவு கூர வேண்டியிருக்கும்.

இப்பேரினத்தை மூன்று இனங்களாகப் பகுப்பது வழக்கம். பாக்கிசாண்ட்ரா டெர்மினாலிஸ் என்பது ஜப்பானிலும் சீனத்திலும் மலைக்காட்டு மரங்களின் அடியில் வளர்வது. அக்சிலாரிஸ் என்பது சீனத்துக்கு உரியது. மூன்றாவதாகிய புரோகும்பென்ஸ் ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் காடுகளில் வாழ்வது. மிஷோ பெயரிட்டது இந்த அமெரிக்கச் செடிக்கே. ஆனால் தோட்டங்களை நிரப்பியிருப்பது ஜப்பானியச் செடியாகிய டெர்மினாலிஸ். ஜப்பானியர் அதை ‘புக்கிசோ’ என்பர். செல்வமும் சிறப்பும் உடைய செடி என்பது பொருள்.

ஒரே பேரினம் பசிபிக் மாகடலின் இரு கரைகளுக்கும் அப்பால், ஆசியாவின் கிழக்கிலும் அமெரிக்காவின் கிழக்கிலும் மட்டும் இருப்பானேன்? துலிப் மரம், ஜின்செங் முதலியவையும் இவ்வாறே பிரிந்து கிடக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக் கழகத்துத் தாவரப் பேராசிரியர் ஆசா கிரே இத்தகைய ஒற்றுமைகளை 1859-இல் விரிவாக எடுத்துக் காட்டினார். வடகோளத்தில் ஒரு காலத்தில் தொடர்ந்து கிடந்த காடு, பின்னர்ச் சீதோஷ்ணம் மாறிக் குளிர் மிகுந்தபோது துண்டுபட்டது. அதன் எச்சங்கள் இரு கோடியிலும் தங்கின என்பது இன்று அறிஞர் கொள்ளும் விளக்கம். ஆகவே ஜப்பானியச் செடி அமெரிக்க மண்ணில் எளிதாகக் காலூன்றியதில் வியப்பில்லை. ஊர் புதிது, ஆனால் குளிரும், இலையுதிர் மரங்களும், இலைமக்கு நிறைந்த மண்ணும் அதற்குப் பழகியவையே.

செடியின் அமைப்பு

டெர்மினாலிஸ் 15 முதல் 30 சென்டிமீட்டர் வரையே உயரும். தண்டின் நுனியில் இலைகள் வட்டமாகக் குடை விரித்தாற்போல் நிற்கும். இலையின் மேற்பாதியில் விளிம்பு பல்பல்லாக இருக்கும். நிறம் பளபளக்கும் கரும்பச்சை. இளவேனில் தொடக்கத்தில் குட்டையான வெண்கதிர்கள் பூக்கும். கதிரின் மேற்பகுதியில் ஆண் பூக்கள், அடியில் சில பெண் பூக்கள். இதழ்கள் இல்லை, வெண்மையாகத் தெரிபவை தடித்த கேசரங்களே.

மண்ணுக்கு அடியில் கிடைத்தண்டுகள் ஓடி, இடைவிட்டு இடைவிட்டுப் புதுத் தண்டுகளை மேலே அனுப்பும். இவ்வாறே செடி பரவுகிறது. தோட்டங்களில் பழம் காண்பது அரிது. காரணம், ஒரே செடியிலிருந்து வெட்டிப் பெருக்கிய கூட்டமே தோட்டம் முழுவதும் நிற்கிறது. பார்வைக்கு ஆயிரம் செடிகள். உண்மையில் ஒரே செடி.

இதன் பெரும் பலம் ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்பது. அந்நாட்டு மரங்கள் இலையுதிர் காலத்தில் மொட்டையாகி, இளவேனில் முற்றிய பின்னரே மீண்டும் தழைக்கும். இவ்விரு பருவங்களிலும் சில வாரங்கள் தரையில் நல்ல ஒளி விழும். பனியும் மண்ணை இறுக்குவதில்லை. அப்போது விதையிலிருந்தோ கிழங்கிலிருந்தோ புதிதாகத் தொடங்க வேண்டிய செடி இலை விரிக்கவே நாள் போய்விடும். பாக்கிசாண்ட்ராவோ விரித்த இலையோடு காத்திருக்கிறது. கோடை நிழலின் வறுமையை இந்த வரவு ஈடு செய்கிறது. உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி சென்டிகிரேடு குளிரையும் அது தாங்கும். நேர் வெயிலில் நட்டாலோ இலை மஞ்சளித்துக் கருகும்.

களைகளை இது அடக்குவது எங்ஙனம் என்பதும் இப்போது விளங்கும். மரத்தின் இலை வழியாக வந்த ஒளி, இக்கம்பளத்தின் இலைகளில் மறுமுறை வடிகட்டப்படுகிறது. மண்ணுக்குச் சேரும் சிறிதளவு ஒளியிலும் தொலைச்சிவப்பே மிகுதி. முளைக்க ஒளி வேண்டும் களை விதைகளுக்கு அது ‘உறங்குக’ என்னும் ஆணை. கம்பளம் நிறைந்து மூடிய பின்னரே இப்பயன் கிட்டும் என்பது நினைவில் இருக்கட்டும்.

நடும் முறை

மண் சற்றுப் புளிப்புத் தன்மையுடன், ஹைட்ரஜன் அயனி அளவுகோலில் 5.5 முதல் 6.5 வரை இருப்பது நன்று. இலைமக்கு மிகுந்தும் நீர் தேங்காமலும் இருத்தல் வேண்டும். மரத்தடியை மண்வெட்டியால் ஆழக் கொத்துதல் கூடாது. அதனால் மரத்தின் உறிஞ்சு வேர்கள் அறுபடும். புதுமண்ணைத் தடிப்பாகக் கொட்டி வேர்களை மூடுவதும் தவறு. வேர்களுக்குக் காற்று கிடைக்காமற் போகும். வேர்களுக்கு இடையே கைக்கரண்டியால் சிறு குழிகள் தோண்டி, குழிக்கு ஒருபிடி மக்கிய இலையுரம் இட்டு நடுதலே முறை.

இடைவெளி 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை வைப்பர். எத்தனை செடி வேண்டும் என்பது எளிய கணக்கு. 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 25 செடிகள். 10 சதுர மீட்டருக்கு 250. 30 சென்டிமீட்டருக்கு ஒன்றானால் ஒரு சதுர மீட்டருக்கு 11 போதும். ஆனால் தரை மூட நாளாகும். நெருக்கி நட்டாலும் முழுதும் மூட மூன்று ஆண்டுகள் வரை ஆகும். அதுவரை இலைச்சருகு அல்லது மரப்பட்டைத் துண்டுகளால் மூடாக்கு இட்டு, களை பறித்து வருதல் வேண்டும். முதல் ஆண்டு மழை பெய்யாத வாரங்களில் மண் ஆழ நனையும்படி ஒருமுறை நீர் விட வேண்டும். அடிக்கடி மேலாகத் தெளிப்பதால் வேர் மேலேயே தங்கிவிடும்.

செடி வாங்கப் பொருள் செலவழிக்க இயலாதவர் போத்து வைத்துப் பெருக்கலாம். புதுத் தளிர் முற்றிச் சற்றே விறைத்த கோடைத் தொடக்கத்தில், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நுனித் தண்டுகளை வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் நிழலில் ஊன்றினால் ஏறக்குறைய ஆறு வாரத்தில் வேர் விடும். கிடைத்தண்டோடு பெயர்த்துப் பிரித்து நடுவதும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. இது மிதிபடத் தக்க செடியன்று. மக்கள் நடக்கும் வழியில் கல் பதித்துவிட்டு, இரு புறமும் இதை நடுதல் வேண்டும்.

ஒரே செடியின் ஆபத்து

இதுவரை கூறியவை செடியின் பெருமை. இனி மறுபக்கத்தைக் காண்போம்.

வொலுடெல்லா கருகல் என்பது இச்செடியின் பழம்பகை. ஈரமும் வெப்பமும் கூடிய நாட்களில் இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். தண்டு கறுத்துச் சுருங்கும். பின்னர் அதில் இளஞ்சிவப்பான வித்துத்திரள் தென்படும். இதைச் செய்வது ஒரு பூஞ்சணம். வெயிலால் கருகிய செடி, பனியால் அடிபட்ட செடி, செதிற்பூச்சி தாக்கிய செடி ஆகியவற்றிலேயே இது எளிதில் நுழையும். நோயுற்ற தண்டுகளை உலர்ந்த நாளில் வெட்டி அகற்றுதல், நெருக்கத்தைக் குறைத்தல், மேலே படிந்த ஈரச் சருகை நீக்குதல், இலைமேல் நீர் தெளியாமல் வேரில் விடுதல் என்பன முதன்மையான மருந்துகள்.

இரண்டாவது பகை புதியது. 1990-களில் இங்கிலாந்தில் பாக்ஸ் வேலிகளை அழிக்கத் தொடங்கிய ஒரு பூஞ்சண நோய், 2011-இல் ஐக்கிய நாடுகளில் வட கரோலினாவிலும் கனெக்டிகட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பாக்கிசாண்ட்ராவும் பாக்ஸ் குடும்பத்தது என முன்னர்க் கூறினோம் அல்லவா? அந்நோய் இதையும் பற்றியது. பாக்ஸ் வேலியின் காலடியில் பாக்கிசாண்ட்ராவை நடுவது அங்கே நெடுநாளைய வழக்கம். உறவினர் இருவரையும் ஒரே வீட்டில் வைத்ததால், நோய்க்கு ஒரே வாயிலில் இரண்டு விருந்து கிடைத்தது. அதன் வித்துக்கள் பசைத்தன்மை உடையவை. தெறிக்கும் நீர், கத்தரிக்கோல், செருப்பு ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு பரவுகின்றன.

இங்கே நாம் கருத வேண்டுவது ஒன்று உண்டு. காட்டில் இச்செடி ஆண்டாண்டு காலமாகப் பல செடிகளின் நடுவே, விதையால் பிறந்த பல வகைத் தன்மையோடு வாழ்கிறது. ஒன்று நோயுற்றால் மற்றொன்று தப்பும். தோட்டத்திலோ சுவருக்குச் சுவர் ஒரே செடியின் நகல்கள். ஒன்றுக்கு எதிர்ப்பாற்றல் இல்லையெனில் எதற்கும் இல்லை. எந்தச் சீரான தோற்றத்துக்காக மக்கள் இதை விரும்பினரோ, அச்சீர்மையே நோய்க்கு வழியாயிற்று. மேலும், பழந்தோட்டங்களை அடுத்த காடுகளுக்குள் கிடைத்தண்டால் ஊர்ந்து சென்று, அங்கு இயல்பாக வளரும் காட்டுப் பூச்செடிகளுக்கு இது இடமில்லாமற் செய்வதும் உண்டு.

ஆதலால் அமெரிக்காவிற்கே உரிய புரோகும்பென்சை அங்குள்ள தோட்டக்காரர் பலர் இப்போது நாடுகின்றனர். அது மெதுவாகவே பரவும். இலையில் வெள்ளிப் புள்ளிகள் உண்டு. கடுங்குளிரில் இலை வாடிப்போவதும் உண்டு. விரைவில் மூடும் கம்பளம் வேண்டுவோருக்கு அது ஏற்காது. ஆனால் பெரணியும் காட்டுப் பூக்களும் அதன் இடையே வாழ இடம் கொடுக்கிறது.

நமக்கு எது பயன்?

பாக்கிசாண்ட்ராவை நம் சமவெளிக்குக் கொணர்வது வீண். நம் கோடை வெப்பத்தை அது தாங்காது. அதன் உறவினரைக் காண விரும்பும் நண்பர்கள் விடுமுறையில் மேற்கு இமயமலைப் பக்கம் போனால், காட்டு மரங்களின் நிழலில் சார்கோகொக்கா என்னும் பசுமை மாறாப் புதரைக் காணலாம். அதுவும் பாக்ஸ் குடும்பமே.

சமவெளியில் பருவக்கணக்கே வேறு. அங்கே மரம் மொட்டையாகும் காலத்துக்கு அருகே தரையில் ஈரம் உண்டு. இங்கே வேம்பு இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். அப்போது தரையில் ஒளி உண்டு, நீர் இல்லை. மழை வந்து மண் நனையும்போது இலைக்கூரை அடைந்துவிடுகிறது. மாமரத்தின் அடியிலோ ஆண்டு முழுவதும் நிழல். ஆகவே நமக்கு வேண்டியது கோடையின் வறட்சியைப் பொறுத்து, மழைக்கால நிழலில் வளரும் செடி. அல்லது கோடையில் நாமே நீர் விடக்கூடிய செடி.

ஈரம் நிற்கும் அரைநிழலுக்கு நம் வல்லாரையைவிட உகந்தது எது? தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையை மூடும், துவையலுக்கும் ஆகும். வெப்பமும் ஈரமும் உள்ள தென்னாட்டுத் தோப்புகளில் திப்பிலிக்கொடி இவ்வேலையைச் செய்யும். பெரணிகள், ஓபியோபோகன், குளோரோபைட்டம் ஆகியவற்றை நர்சரிகளில் வாங்கலாம். மஞ்சள் பூப் பூக்கும் வெடிலியாவை மட்டும் எண்ணிப் பார்த்தே நட வேண்டும். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2000-இல் வெளியிட்ட மிகக் கொடிய 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஓடும் வேகத்தைக் கண்டு மயங்கி நட்டுவிட்டு, பின்னர் வேலிக்கு வெளியே துரத்திக்கொண்டு ஓடுவது அறிவுடைமை ஆகாது.

நம் வளாகத்திலும் மரத்தடிகளில் மழைக்குப் பின் புல் பதிப்பதையும், அடுத்த வைகாசிக்குள் அது புழுதியாவதையும் பார்த்து வருகிறோம். நம் சங்கம் விடுதிக்கு அருகே ஒரு மரத்தடியை மட்டும் கேட்டுப் பெற்று, இவ்வாண்டு ஆடியில் சோதனை செய்து பார்க்கலாம். நடுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வோம். எந்த மாதங்களில் அங்கே ஒளி விழுகிறது? அம்மாதங்களில் மண்ணில் ஈரம் உண்டா? மக்கள் எவ்வழியாக நடக்கின்றனர்? நடும் செடி வேலி தாண்டினால் யாருக்குக் கேடு? விடைகளுக்கு ஏற்ப ஒன்றுக்குப் பதில் மூன்று வகைச் செடிகளைக் கலந்து நடுவோம். எது நிலைத்தது, எது மடிந்தது என்னும் கணக்கை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம். செலவு மிகுதியில்லை, மண்வெட்டி விடுதியிலேயே இருக்கிறது. வாரம் ஒருநாள் மாலையில் நீர் விட முன்வரும் நண்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுப்பார்களாக.